வியாழக்கிழமை நீல மாத்திரை எங்கே போகிறது?



தலைப்பைப் பார்த்ததும் சிலர் சிரித்திருப்பீர்கள். "எங்க போகுது? தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி வேப்பமரத்தடிக்குத்தான் போகுது!" என்று. உண்மைதான். வியாழன் மதியம் சாப்பாடு முடிந்ததும் டீச்சர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நீல மாத்திரை வைக்கிறார். அதை வாயில் போட்டு, நாக்குக்கு அடியில் ஒதுக்கி, தண்ணீர் குடிப்பதுபோல் நடித்து, குழாயடிக்குப் போய்த் துப்பிவிட்டு வருகிற திறமைசாலிகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். வேப்பமரத்துக்கு இரத்தசோகை வராது. நமக்கு வரும். அதனால் அந்த மாத்திரை மரத்தடிக்குப் போகாமல் வயிற்றுக்குள் போனால் பிறகு எங்கே போகும், என்ன செய்யும் என்பதை இந்த இதழில் எழுதுகிறேன்.

முதலில் இரத்தம். நம் உடல் எடையில் 7 முதல் 8 சதவீதம் வரை இரத்தம்தான். 40 கிலோ எடையுள்ள மாணவிக்குச் சுமார் 3 லிட்டர் இருக்கும். பெரியவர்களுக்கு 5 லிட்டர் என்று புத்தகத்தில் படித்திருப்போம். இதில் பாதிக்கு மேல் பிளாஸ்மா என்ற வெளிர் மஞ்சள் திரவம். அதில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என மூன்று வகை அணுக்கள் மிதக்கின்றன. வெள்ளையணுவும் தட்டணுவும் இன்னொரு இதழுக்கு இருக்கட்டும். இன்று சிவப்பணு மட்டும்.

பக்கத்தில் வரைந்திருக்கும் படத்தைப் பாருங்கள். உளுந்து வடையை ஓட்டை போடாமல் இரண்டு பக்கமும் நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் எப்படி இருக்கும்? அதுதான் சிவப்பணுவின் வடிவம். குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர். உங்கள் ஸ்கேலில் உள்ள 1 மில்லிமீட்டர் இடைவெளிக்குள் ஏறத்தாழ 130 சிவப்பணுக்களை வரிசையாக நிற்க வைக்கலாம். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில், அதாவது ஒரு குண்டூசித் தலை அளவு சொட்டில், 45 லட்சம் முதல் 50 லட்சம் வரை இருக்கின்றன!

இன்னொரு விசேஷம். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது. உடம்பில் பெரும்பாலான செல்கள் உட்கருவை வைத்துக்கொண்டு வாழ்கின்றன, இதுவோ அதை வெளியே தள்ளிவிடுகிறது. கிடைத்த இடத்தை எல்லாம் ஹீமோகுளோபின் என்ற புரதத்துக்கே கொடுத்துவிடுகிறது. ஒரே ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உண்டு. அப்படியென்றால் ஐந்து சிவப்பணுவை எடுத்தால் கிட்டத்தட்ட இந்திய மக்கள்தொகை வந்துவிடும்.

ஹீமோகுளோபினை நாலு சீட் உள்ள ஷேர் ஆட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல்தான் ஸ்டாண்டு. அங்கே ஒரு சீட்டுக்கு ஒன்று என்று நாலு ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் ஏறிக்கொள்ளும். கை, கால், மூளை என்று எங்கே தேவையோ அங்கே இறங்கிக்கொள்ளும். சரி, அந்தச் சீட்டு எதனால் ஆனது? ஒவ்வொரு சீட்டின் நடுவிலும் ஓர் இரும்பு அணு இருக்கிறது. ஆமாம், ஆணி செய்கிற அதே இரும்பு. ஆக்ஸிஜன் பிடித்துக்கொள்வது அந்த இரும்பைத்தான்.

"இரத்தத்துல இரும்பா? கதை விடாதே!" என்று நம்பாதவர்களுக்காக ஒரு பழைய சோதனை. 1740களில் இத்தாலியில் வின்சென்சோ மெங்கினி என்ற மருத்துவர் இரத்தத்தை உலர்த்தி, எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலுக்கு மேல் காந்தத்தைக் காட்டினார். துகள்கள் எழும்பி வந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டன. (உடனே லேப் காந்தத்தை எடுத்துக் கையில் வைத்துப் பார்க்க வேண்டாம். உயிருள்ள இரத்தத்தில் இரும்பு புரதத்துக்குள் தனித்தனி அணுவாகக் கட்டுண்டு கிடப்பதால் அது ஆணி மாதிரி ஒட்டாது.) ஹீமோகுளோபினின் முழு அமைப்பைக் கண்டுபிடிக்க மாக்ஸ் பெருட்ஸ் என்ற விஞ்ஞானி 20 வருடத்துக்கு மேல் உழைத்தார். 1962இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே மூலக்கூறுக்கு 20 வருடம்! நாம் அதை ஐந்து மார்க் கேள்விக்கு ஒரு ராத்திரியில் படிக்கிறோம்.

நடுவில் ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். கையில் நரம்பு நீலமாகத் தெரிகிறதே, உள்ளே நீல இரத்தமா என்று ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன் கேட்டான். இல்லை. ஆக்ஸிஜனை இறக்கிவிட்ட இரத்தம் கருஞ்சிவப்பு. தோல் வழியாகப் பார்ப்பதால் அந்தச் சிரை நமக்கு நீலமாகத் தெரிகிறது. புத்தகத்தில் தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம் என்று வண்ணம் அடிப்பது நாம் அடையாளம் காண்பதற்காக. (நாம் பேச்சில் "நரம்பு" என்பதும் தவறு. மூளையிலிருந்து செய்தி கொண்டுபோவதுதான் நரம்பு. இது இரத்தக்குழாய்.)

ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதற்குள் தேய்ந்து கிழடாகிவிடும். அதனால் எலும்பு மஜ்ஜையில் ராத்திரி பகல் பார்க்காமல் புதுசு தயாராகிக்கொண்டே இருக்கிறது. பெரியவர்கள் உடம்பில் ஒரு வினாடிக்கு 20 லட்சத்துக்கும் மேல். இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் ஒரு கோடி ஆகியிருக்கும். கிழடான அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் பிரித்துப்போட்டு, இரும்பை மட்டும் பத்திரமாக எடுத்து மறுபடி மஜ்ஜைக்கே அனுப்பிவிடும். பழைய இரும்புக் கடை மாதிரி! ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இப்படித்தான் கிடைக்கிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு உறிஞ்சுவது 1 அல்லது 2 மில்லிகிராம்தான்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். இரத்தம் இல்லை என்றால் நம் பாட்டிமார் "ஆட்டுச் சுவரொட்டி வாங்கிச் சுட்டுக் குடு" என்பார்கள். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல்தான். பழைய சிவப்பணு எல்லாம் உடைபடுகிற இடம் என்பதால் அதில் இரும்பு நிறைய இருக்கும். பாட்டிக்கு ஹீமோகுளோபின் தெரியாது, ஆனால் சரியான கடைக்குத்தான் அனுப்பியிருக்கிறார். (இந்தச் சுவரில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியில் இரும்பு கிடையாது. பசை மட்டுமே.)

உடம்பு இவ்வளவு சிக்கனமாக இருந்தும் இரும்பு ஏன் குறைகிறது? வரவைவிடச் செலவு அதிகமானால் குறையும். நம் வயசில் செலவு அதிகம். ஒரே வருடத்தில் யூனிஃபார்ம் குட்டையாகிவிடுகிறது. வளர்கிற உடம்புக்கு இரத்தமும் கூடுதலாக வேண்டும், தசைக்கும் இரும்பு வேண்டும். இது பையன்களுக்கும் பொருந்தும். பெண்பிள்ளைகளுக்கு இதோடு மாதவிடாயும் சேர்ந்துகொள்கிறது. "இதையெல்லாம் சுவத்துல எழுதலாமாடி?" என்று ஒருத்தி கேட்டாள். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அச்சடித்திருக்கிற பாடம்தான், எழுதலாம். ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம் போகிறது. ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு. ஆக மாதத்துக்கு 15 முதல் 20 மில்லிகிராம். நாளைக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் வரவு உள்ள வீட்டில் இது எவ்வளவு பெரிய செலவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது செலவு, திருட்டு. கொக்கிப்புழு என்று ஒன்று இருக்கிறது. மனிதக் கழிவு கலந்த ஈர மண்ணில் அதன் இளம்புழு காத்திருக்கும். வெறுங்காலோடு நடந்தால் பாதத் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், பல இடம் சுற்றி, கடைசியில் சிறுகுடலில் கொக்கி மாட்டி இரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது கொஞ்சம்தான், 0.03 மில்லிலிட்டர். ஐம்பது புழு இருந்தால்? தினமும் ஒன்றரை மில்லிலிட்டர். அதனால்தான் பள்ளியில் பூச்சி மாத்திரை தருகிறார்கள். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று நடக்கிறது. அந்த அல்பெண்டசோல் மாத்திரை இனிப்பாக இருப்பதால் யாரும் துப்புவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்!

இனி கணக்கு. ஒரு கிராம் ஹீமோகுளோபின் அதிகபட்சம் 1.34 மில்லிலிட்டர் ஆக்ஸிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபின் உள்ளவருக்கு அந்த இரத்தம் சுமப்பது 16 மில்லிலிட்டர். 8 கிராம்தான் இருந்தால்? 10.7. அதாவது மூன்றில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் காணோம். இருதயம் என்ன செய்யும்? இருக்கிற ஆட்டோவை வைத்துக்கொண்டு ட்ரிப்பை அதிகப்படுத்தும். படபடவென்று அடிக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், பிரேயரில் நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருவதும் இதனால்தான் இருக்கலாம். (காலையில் சாப்பிடாமல் வந்தாலும் இருட்டும், அது வேறு.) மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான் இருக்கும். ஆனால் உடம்புக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனில் 20 சதவீதம் அதற்கு வேண்டும். இரும்பு குறைந்தால் கவனம் நிற்காது, படித்தது மண்டையில் ஏறாது.

இதை நான் கொஞ்சம் அழுத்தி எழுதக் காரணம் உண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி பெஞ்சில் தலை சாய்த்துக்கொண்டு ஒருத்தியாவது இருப்பாள். விளையாட்டுப் பீரியடில் உட்கார்ந்தே இருப்பாள். "சோம்பேறி", "தூங்குமூஞ்சி", "எருமை" என்று நாமே பேர் வைத்திருப்போம். வீட்டிலும் "வேலை சொன்னா மட்டும் முடியாதே உனக்கு" என்பார்கள். அவள் சோம்பேறியாகவே இருக்கலாம். ஆனால் இரத்தப் பரிசோதனை செய்யாமல் அதை யாரும் சொல்ல முடியாது. ஏனென்றால் 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 100க்கு 31 பேர். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேர். பாதிக்கு மேல்! ஒரு பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தால் இரண்டு பேர்.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன், சிலர் வெட்கப்படுவீர்கள். சாக்பீஸ், பல்பம், பச்சரிசி, விபூதி, மண் இவற்றைத் தின்னவேண்டும் என்று ஆசை வருவது. யாருக்கும் தெரியாமல் டெஸ்க்குக்கு அடியில் பல்பம் கடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இது கெட்ட புத்தி இல்லை. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இப்படி விசித்திரமான ஆசை வருவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அம்மாவிடம் அடி வாங்குவதைவிட டாக்டரிடம் சொல்வது நல்லது.

சாப்பாட்டில் வந்தால் பெரிய குழப்பம் பீட்ரூட். "சிவப்பா இருக்கு, இரத்தம் ஊறும்" என்று எல்லா வீட்டிலும் தருகிறார்கள். பீட்ரூட்டின் சிவப்பு அதன் சொந்தச் சாயம். அதற்கும் ஹீமோகுளோபினுக்கும் சம்பந்தமே இல்லை. இரும்பும் அதில் குறைவுதான். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு, பயறு வகை, எள், சுண்டல் இவையெல்லாம் சிவப்பாகவா இருக்கின்றன? அவற்றில்தான் இரும்பு இருக்கிறது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல், சுவரொட்டி. இறைச்சியில் உள்ள இரும்பைக் குடல் சுலபமாக உறிஞ்சும். கீரை, தானியத்தில் உள்ள இரும்பில் கொஞ்சம்தான் உள்ளே போகும். அதற்கு உதவி வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யாவில் உள்ள வைட்டமின் சி அந்த இரும்பை ஃபெரிக் நிலையிலிருந்து ஃபெரஸ் நிலைக்கு மாற்றுகிறது. குடலுக்குப் பிடித்தது ஃபெரஸ்தான். (பத்தாம் வகுப்பு அண்ணன்மார்களே, ஒடுக்க வினை எதற்குப் படிக்கிறோம் என்று இனி கேட்காதீர்கள்.) எதிரியும் உண்டு. டீயிலும் காப்பியிலும் உள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. கீரைச் சோறு சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரை வீண். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கலாம்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். அந்த நீல மாத்திரையில் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று இரும்பு, 60 மில்லிகிராம். மற்றது ஃபோலிக் அமிலம், 500 மைக்ரோகிராம். இந்த ஃபோலிக் அமிலத்தின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது, காரணம் அது நம் நாட்டில் தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி மில்லில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் கடுமையான இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். இவர்களுடைய சிவப்பணு சின்னதாக இல்லை, வழக்கத்தைவிடப் பெரிதாக, முதிராமல் இருந்தது. அப்படியானால் இரும்பு மட்டும் குறை இல்லை, வேறு ஏதோ இல்லை. என்ன அது? அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். 1929இல் சில மாதம் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் இருந்து ஆராய்ச்சி செய்தார். கடைசியில் ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மலிவான ஒரு சாற்றைக் கொடுத்தபோது நோயாளிகள் தேறினார்கள். 1931இல் அதை எழுதி வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்தது எது என்று அப்போது தெரியவில்லை, 'வில்ஸ் காரணி' என்றே பேர் வைத்தார்கள். 1941இல் கீரை இலையிலிருந்து அதைப் பிரித்தபோது ஃபோலிக் என்று பெயர் வந்தது. லத்தீனில் ஃபோலியம் என்றால் இலை. புது செல் உண்டாக டி.என்.ஏ. நகலெடுக்க வேண்டும், அதற்கு இது தேவை. வினாடிக்கு 20 லட்சம் அணு தயாரிக்கிற மஜ்ஜைக்கு இது இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும்.

துப்புகிறவர்கள் சொல்லும் காரணங்களையும் எழுதிவிடுகிறேன். "குமட்டுது." வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அதனால்தான் சாப்பாட்டுக்குப் பிறகு தருகிறார்கள். சத்துணவைக் கொறித்துவிட்டு ஓடிவந்தால் அது வெறும் வயிறுதான். "கக்கூஸ் போனா கறுப்பாப் போகுது." போகும். உறிஞ்சாமல் மீந்த இரும்பு அது, பயம் இல்லை. "மாத்திரை போட்டா உடம்பு கறுத்துடுமாம்." கறுக்காது. இரத்தசோகை உள்ளவர்தான் வெளுத்துப்போவார்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2023 மார்ச்சில் ஊட்டியில் ஒரு பள்ளியில் யார் அதிகம் மாத்திரை தின்பது என்று மாணவர்கள் போட்டி போட்டார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் இறந்துபோனார். இது நம்மைப் போன்ற பிள்ளைகள் விளையாட்டாகச் செய்தது. உப்பு அதிகமானால் சிறுநீரில் போகும், ஆனால் இரும்பை வெளியே தள்ள நம் உடம்பில் வழியே கிடையாது. உள்ளே போகும் வாசலில்தான் கட்டுப்பாடு. மொத்தமாக உள்ளே போனால் அந்த வாசல் உடைந்து, குடலும் கல்லீரலும் புண்ணாகிவிடும். அதனால் ஒரு வாரத்துக்கு ஒன்று. பக்கத்துப் பெண் வேண்டாம் என்று தந்தாலும் வாங்கிப் போடக்கூடாது. வீட்டில் சின்னத் தம்பி தங்கை கைக்கு எட்டும் இடத்தில் மாத்திரை இருக்கக்கூடாது. அவர்களுக்கு அது மிட்டாய் மாதிரித் தெரியும்.

எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். தலசீமியா, அரிவாள் செல் சோகை போன்றவை பிறப்பிலேயே வருபவை. நீலகிரி மலைவாழ் மக்களிடம் அரிவாள் செல் இருப்பதை 1952லேயே கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள். வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் மாத்திரை போடும் முன் டீச்சரிடமும் டாக்டரிடமும் சொல்ல வேண்டும்.

கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்துப் பார்த்து "நான் சிவப்பாத்தான் இருக்கேன்" என்று முடிவு செய்யாதீர்கள். இலேசான சோகை கண்ணுக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து இலவசமாகப் பார்ப்பார்கள். சீட்டில் ஹெச்.பி. என்று போட்டு ஓர் எண் எழுதியிருப்பார்கள். 12 வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்கு அது 12 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பையன்களுக்கு 14 வயது வரை 12, 15 ஆனபின் 13. எட்டுக்குக் கீழே என்றால் கடுமையான சோகை, அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் வாரத்துக்கு ஒன்று போதாது, டாக்டர் தினமும் போடச் சொல்லித் தனியாக மாத்திரை தருவார். "ஒரு வாரம் போட்டேன், ஒண்ணும் ஆகலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். ஆகாது. ஹெச்.பி. ஏறுவது தெரியவே இரண்டு மூன்று வாரம் வேண்டும், கல்லீரலில் சேமிப்பு நிரம்ப இன்னும் மாதங்கள் வேண்டும். அதனால்தான் மூன்று மாதம் போடச் சொல்கிறார்கள். ஒரு சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்று மேலே எழுதியதை இதோடு வைத்துப் பாருங்கள், காரணம் புரியும்.

— 11ஆம் வகுப்பு, உயிரியல் பிரிவு மாணவி